ஒரு கூரைக்குக் கீழே எல்லாரும் வேண்டாம்

என் மகள் எனக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். பெற்ற தாய்க்கு நிபந்தனை வைக்கிற பிள்ளையை ஊரில் நான் கண்டதில்லை. இது இத்தாலியில், பலெர்மோவில் பிறந்து வளர்ந்தது, வைக்கும். பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனைக்கு அவள் படித்துக்கொண்டிருந்த காலம். வியாழன் பின்னேரம் எனக்கு வேலையில் ஓய்வு. பிரான்காச்சோவில், மாடிக்கட்டடம் ஒன்றின் நான்காம் தட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து எனக்கு எதிரே நின்றாள்.

“அம்மா, நீங்கள் இனி வீட்டை வந்து நிண்டால் நான் இஞ்சையே படிக்கிறன். வராட்டில் வடக்கை தொரீனோவுக்குப் போறன். ரெண்டு யூனிவெர்சித்தாவுக்கும் விண்ணப்பம் போட்டிட்டன். எது எண்டு நீங்கள் சொல்லுங்கோ.”

“என்னடி இது? சந்தையிலை மீன் பேரம் பேசுற மாதிரி.”

“பேரம்தான். எனக்கு எங்கடை வீட்டிலை மூண்டு பேரும் ஒண்டா இருந்து பாக்கவேணும். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு ஒரு துண்டுக் கத்தரிக்காயை எடுத்து விளையாடிக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. சாதாரணமாக எனக்கு வாய் அடைக்காது, கேட்டுப் பாருங்கள், இந்தக் கட்டடமே சொல்லும். “பாப்பம்” என்றேன். “பாப்பம் எண்டால் இல்லை எண்டுதானே அர்த்தம்?” என்று கேட்டுவிட்டு இத்தாலியனில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வா என்று தாயைப் பிள்ளை கேட்பதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். நான் லிபெர்த்தா தெருப் பக்கத்தில் ஒரு வயதுபோன இத்தாலிய மனுஷியை, என் சின்யோராவைப் பார்க்கிற வேலையில் இருந்தேன். தங்கி நிற்கிற வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் என்னுடையவை. எங்கள் பெண்கள் கனபேர் இப்படித்தான் தொடங்குவார்கள். பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது இங்கே தங்குகிற அனுமதிக்கு, வேலை ஒப்பந்தம் வேண்டும், ஊருக்குக் காசு அனுப்ப வேண்டும், வாடகை கட்ட வேண்டும். பிள்ளை பிறந்ததும் பகல் வேலைக்கு மாறிவிடுவார்கள். நான் தலைகீழ். பிள்ளை சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியபோதுதான் நான் தங்கி வேலைக்குப் போனேன். சின்யோராவின் பிள்ளைகளே இரண்டு மூன்று தரம், “நீ பகலில் வந்து போ, இரவுக்கு வேறு ஆளைப் பார்க்கிறோம்” என்று சொன்னார்கள். நான்தான் மறுத்தேன். சனத்துக்கு ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் ஒன்றுதான். நானும் என் கணவரும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்றாக இருக்கக்கூடாது. ஒருவர் தள்ளி இருக்க வேண்டும். அந்த ஒருவராக நான் இருந்தேன்.

இது விசர்க்கதை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

நான் பெரியபிள்ளையாகி அதிக காலம் ஆகவில்லை. சண்டை எங்கள் ஊருக்குக் கிட்ட வந்துவிட்டது என்று சனமெல்லாம் ஓடியது, நாங்களும் ஓடினோம். அப்பா, அம்மா, அண்ணா, நான், தங்கச்சி. வழியில் ஓர் ஊரில் கொஞ்சக் காலம் தங்கினோம். பக்கத்து வளவில் ஒரு பெரிய குடும்பம். பொம்பர் சத்தம் கேட்டால் கிழவன், கிழவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே பங்கருக்குள் இறங்குவார்கள். நல்ல சனம், எங்களையும் வரச்சொல்லிக் கூப்பிடும். ஒருநாள் குண்டு அந்தப் பங்கரிலேயே விழுந்தது. ஒருத்தரும் மிச்சமில்லை.

செத்தவருக்குக் கொள்ளி வைக்க மகன் வேண்டும். மகன் இல்லாவிட்டால் சகோதரன், மருமகன், யாராவது ஓர் உரித்துக்காரன். அந்த வீட்டுக்கு உரித்துக்காரன் என்று சொல்ல ஒருவனும் இல்லை. அரைகுறையாகப் பேர் தெரிந்த அந்த மனிதர்களுக்கு அப்பாதான் கொள்ளி வைத்தார். வந்து கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஈரத் துண்டோடு அப்படியே குந்தியிருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கவில்லை.

அன்றைக்கு அப்பா சொன்னார்: “இனி ஒரு கூரைக்குக் கீழை எல்லாரும் வேண்டாம். பிரிஞ்சு படுப்பம். ரெண்டு பக்கத்திலையும் கொள்ளி வைக்க ஒரு ஆம்பிளை இருக்கவேணும்.”

“செத்தால் ஒண்டாச் சாவம். ஏனப்பா இப்பிடி அவச்சொல் சொல்லுறியள்?” என்று அம்மா அழுதார்.

“ஒண்டாச் செத்தால் ஆர் எங்களை எரிக்கிறது? நாய் தின்னுறதே?”

 அப்படித்தான் எங்கள் குடும்பம் இரண்டாய்ப் பிரிந்தது. அப்பாவோடு நான். அம்மாவோடு அண்ணாவும் தங்கச்சியும். அண்ணாவுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. கொள்ளி வைக்கிற ஆம்பிளை என்று தன்னைக் கணக்கில் எடுத்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிறகு இன்னும் ஓடி ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். இடம்பெயர்ந்த சனத்துக்கென்று அதைத் திறந்துவிட்டிருந்தார்கள். விளையாட்டுத் திடலின் ஒரு பக்கம் ஓடு போட்ட பழைய மண்டபம், மறுபக்கம் சீமெந்துப் பிளாட் கூரை அடித்த புதுக் கட்டடம். புதுக் கட்டடத்தில் இடம் பிடிக்கச் சனம் அடிபட்டது. சீமெந்து தாங்கும் என்று எல்லாருக்கும் எண்ணம். அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் தங்கச்சிக்கும் அங்கே ஒரு வகுப்பறையின் மூலையில் இடம் கிடைத்தது. நானும் அப்பாவும் ஓட்டு மண்டபத்தில். சனம் இருக்கிறது மேலே தெரியட்டும் என்று இரண்டு கூரையிலும் வெள்ளை வேட்டியும் சேலையும் விரித்துக் கல் வைத்திருந்தார்கள்.

பகலில் நாங்கள் கண்டுகொள்வோம். காலமை நான் திடலைக் கடந்து போவேன், அம்மா தலை இழுத்துப் பின்னிவிடுவார். மத்தியானம் தங்கச்சி சாப்பாட்டுக் கோப்பையோடு இந்தப் பக்கம் வருவாள். “மாமி வீட்டுக்குச் சீர்வரிசை போகுது” என்று பார்க்கிற பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அம்மாவும் சிரிப்பார். இரவில் அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே. நான் அப்பாவோடு கதைக்க மாட்டேன். அம்மாவின் பக்கத்தில் படுக்க விடாத மனிசனோடு என்ன கதை?

அன்று காலமை அம்மா பின்னல் கட்டி முடித்து, “போ, அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக் குடு” என்று முதுகில் தட்டிவிட்டார். நான் திடலைக் கடந்து மண்டபத்துக்கு வந்து கஞ்சி வாங்க வரிசையில் நின்றேன். சத்தம் கேட்டது. எல்லாரும் விழுந்தோம். என் மேல் யாரோ விழுந்தார்கள், அவருக்கு மேல் இன்னொருவர். நிலம் தூக்கி எறிந்தது. ஓடுகள் உடைந்து கொட்டின. எழும்பியபோது எதிரே புதுக் கட்டடம் இல்லை, தூசிதான் நின்றது. வேட்டி ஒன்று எரிந்துகொண்டு பறந்து வந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நோகப் பிடித்தார். “நீ இஞ்சை நில். அசையாதை” என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் அசையவில்லை. பின்னேரம் அவர் திரும்பி வரும்வரை அசையவில்லை. அவர் உடம்பெல்லாம் சீமெந்துத் தூள். 

எதற்காகப் பிரித்தாரோ அது நடந்ததா என்றால், அதுவும் இல்லை. பொம்பர் திரும்பி வரும் என்று சனம் பதறியது. விறகுக்கு எங்கே போவது? எல்லாரையும் திடலின் ஓரத்தில் ஒரே கிடங்கில் தாட்டார்கள். அப்பா உயிரோடு பக்கத்தில் நின்றார், கொள்ளி வைக்க முடியவில்லை. ஐயோ, அந்த மனிசனின் முகம். 

பிறகு ஒரு முறைதான் அப்பா அதைப் பற்றிக் கதைத்தார். “பிரிஞ்சு படுத்தபடியால் நாலு பேர். இல்லையெண்டால் அஞ்சு பேரும் போயிருப்பம்” என்றார். செத்தது மூன்று பேர்தானே என்று நான் திருத்தவில்லை. தன்னையும் சேர்த்துத்தான் எண்ணினார் என்று விளங்கியது. எனக்கு அவர் மேல் கோபம், பயங்கரக் கோபம். அவர் சொன்னது பிழையாய்ப் போயிருந்தால் அவரை ஏசிவிட்டு மறந்திருப்பேன். சரியாய்ப் போனதுதான் என் தலையில் விடிந்தது. அவர் சொன்னபடி பிரிந்து படுத்தோம், நான் மிஞ்சினேன். பிறகு அதை எப்படி விடுவது?

அப்பா நோயில் போய்ச் சேர்ந்த பிறகு கலியாணம் பேசி பலெர்மோவுக்கு வந்தேன். என் கணவர் சண்டைக்கு முன்னமே ஊரைவிட்டு வந்தவர். வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிசன். ஆனால் முதல் வருடத்தில் நான் வேறு அறையில் படுப்பதைப் பார்த்து, தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார். பிறகு பிள்ளை வந்ததும் நான் பயந்து பயந்து எல்லாவற்றையும் சொன்னேன்.  கேட்டுவிட்டு மெல்லச் சிரித்துக்கொண்டு, “இஞ்சை ஆரப்பா குண்டு போடப்போறான்? உமக்கு எதிர்வீட்டுப் பூனையிலை சந்தேகமே?” என்றார்.

பகிடி பண்ணுவாரே தவிர ஒருநாளும் வற்புறுத்தவில்லை. ஊருக்குப் போனால் இரண்டு விமானத்தில் போவோம். மலைமேல் இருக்கிற குகைக்கோயிலுக்கு எங்கள் சனம் வெறுங்காலோடு ஏறும், சைவமோ கிறிஸ்தவமோ எல்லாரும் ஏறுவோம். அதிலும் அவர்கள் இருவரும் முதலில், நான் பிறகு. ஜூலைத் திருவிழாவுக்குக் கடற்கரையில் வாணவேடிக்கை நடக்கும்போது தகப்பனும் மகளும் போவார்கள், நான் சின்யோராவின் வீட்டில் எல்லா யன்னலையும் சாத்திவிட்டு இருப்பேன்.

பெரிய கூத்து மகளின் பள்ளிக்கூடத்தில்தான். அது ஒரு பள்ளிக்கூடம், அதற்குள் சனம் நிறைந்திருக்கிறது. என்னால் முடியுமா? வருட முடிவில் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். கணவர் உள்ளே போவார், நான் கேற்றுக்கு வெளியே பூவரச மரம் மாதிரி நிற்பேன். அடுத்த முறை நான் உள்ளே, அவர் வெளியே. இருவரும் ஒன்றாக அவளைப் பார்த்துக் கைதட்டியதேயில்லை. வகுப்பு மாயெஸ்த்ரா, அதாவது ரீச்சர், நாங்கள் பிரிந்துவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டார். பாவம் அந்த மனுஷி, மற்றப் பிள்ளைகளைவிட இவளைக் கூடுதலாகத் தடவிக் கொடுப்பாராம். இவளும் நைசாக அதை அனுபவித்திருக்கிறாள். “எனக்கு எப்பவும் முதல் சொக்லேட் கிடைக்கும்” என்று பெரியவளான பிறகு சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவளுக்கு விபரம் தெரிகிற வயதில் நானே சொன்னேன். மூடி வைக்கிற கதையா இது? அவள் கேட்ட ஒரே கேள்வி: “உங்கடை தங்கச்சிக்கு அப்ப எத்தினை வயசு?” கதை சொன்ன அன்றைக்கு என் மகளுக்கு இருந்த அதே வயதுதான். சொன்னேன். அதற்குப் பிறகு கனகாலம் எதையும் கேட்கவில்லை. கத்தரிக்காய் வெட்டிய அந்த வியாழன் வரைக்கும் கேட்கவில்லை.

அடுத்த நாள் சின்யோராவிடம் இதையெல்லாம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? நாள் முழுக்க அந்த வீட்டில் நானும் அவரும்தான். நீள நடை, பூட்டிய அறைகள், யாரும் வராத விருந்தினர் கதிரைகள். அவர் இத்தாலியனில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். உலக யுத்தத்தில் பலெர்மோவிலும் குண்டு விழுந்ததாம். அவர் சின்னப்பிள்ளையாம். துறைமுகப் பக்கமெல்லாம் இடிந்து கிடந்ததாம்.

“என் அம்மா எங்களை எல்லாம் ஒரே மெத்தையில் அள்ளிப் போட்டு மேலே தான் படுத்துக்கொள்வாள். விழுந்தால் அழுவதற்கு ஒருவரும் மிஞ்சக்கூடாது என்பாள். அதுதான் புத்தி.”

“எங்கள் அப்பா அப்படி நினைக்கவில்லை, சின்யோரா. ஒருவராவது மிஞ்ச வேண்டும்.”

“மிஞ்சி?”

“மிஞ்சிச் செய்யவேண்டியதைச் செய்ய.”

“நீ என்ன செய்கிறாய்? இங்கே இருந்து என் துணியை மாற்றுகிறாய்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சோறு எப்படி வடிப்பது என்று இரண்டு பெண்கள் சண்டை பிடிப்பதுபோல, குண்டுக்கு எப்படிப் படுப்பது என்று நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம்.  சூப்பைக் கொண்டுபோய் டொக்கென்று வைத்தேன். அவரும் என்னைப் பார்க்காமல் குடித்தார்.

கோடை தொடங்க, சின்யோராவைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லி மூத்த மகள் மிலானோவிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சாட்டுச் சொல்ல இனி வேலையும் இல்லை. என் சாமான்களை இரண்டு பையில் அடைத்து பஸ்ஸில் ஏறி பிரான்காச்சோவுக்கு வந்தேன். கதவைத் திறந்த மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். அவள் நாடிக்குக் கீழே என் தலை.

“வந்திட்டீங்களே? உண்மையா? அப்ப தொரீனோவுக்கு நான் இல்லையெண்டு எழுதுறன்.”

“கொஞ்சம் பொறு குஞ்சு. எனக்கு ஒருக்காப் பழகிப் பாக்க விடு. கடைசித் திகதிக்கு இன்னும் கிடக்குத்தானே?”

அவள் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் ஓம் என்றாள்.

முதலில் எல்லாம் வடிவாகத்தான் போனது. ஏனென்றால் நான் அப்படிப் பார்த்துக்கொண்டேன். கணவர் வேலைக்குப் போனால் நானும் மகளும் வீட்டில். அவர் வீட்டில் என்றால் எனக்குக் கடையில் ஒரு சாமான் முடிந்திருக்கும். இருவரும் வீட்டில் என்றால் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டு, அது காயும்வரை அங்கேயே நிற்பேன். “அம்மா, நீங்கள் ரோட்டிலை நிக்கிற பொலிஸ் மாதிரி எங்களைக் கை காட்டி மாத்தி மாத்தி விடுறீங்கள்” என்றாள் மகள். பிடிபட்டுவிட்டேன். இரவில் அவர் வேலை முடிந்து வந்து படுத்ததும், நான் பல்கனியில் கதிரையைப் போட்டு இருப்பேன். பல்கனிக்கு மேலே கூரை இல்லை. அது கணக்கில் சேராது என்று என் மனதுக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் நடுவில் இந்த நாடே கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். கணவரின் கடையும் பூட்டு. அன்று மத்தியானம் மூவரும் வீட்டில். அவர் நண்டுக் குழம்பு வைத்தார், தன் கைப்பக்குவத்தைத் தானே புகழ்ந்தார். மகள் காலை எனக்கு மேல் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அவளுடைய சந்தோசத்தைப் பார்த்தபோது, கடவுளே, இது எனக்கு முடியும் போலிருக்கே என்று நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன்.

ரீவியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு நாடு, ஒரு பள்ளிக்கூடம். அதற்குள் இடம்பெயர்ந்த சனம் இருந்ததாம், மேலேயிருந்து அடித்திருக்கிறார்கள். உடைந்த சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது. யன்னலில் மெத்தை ஒன்று தொங்கியது. ஒரு பொம்பிளை கையில் சமையல் பானையோடு நின்று, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்தார். நான் அந்தப் பொம்பிளையைப் பார்த்தேன். இவரும் கஞ்சி வரிசையில் நின்றிருப்பாரோ? கணவர் எட்டி ரீவியை நிறுத்தினார்.  எங்களைக் கொன்ற பொம்பர்களில் ஒரு வகை இந்த நாட்டில் செய்தது என்று யாரோ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. சிரிப்பதா அழுவதா? எழும்பிக் கோப்பைகளைக் கழுவினேன்.

சாப்பாடு முடிய, மகள் தன் மெத்தையை இழுத்துவந்து ஹோலில் காற்றாடிக்கு முன்னால் போட்டாள். “மூண்டு பேரும் இஞ்சை படுப்பம்” என்றாள். படுத்தோம். நடுவில் அவள். கொஞ்ச நேரத்தில் தகப்பன் குறட்டை, பிறகு மகளும் கண்ணயர்ந்துவிட்டாள். அவள் கை என் வயிற்றின் மேல் கிடந்தது, வெப்பமாக. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சீமெந்துக் கூரை.

அந்த நேரத்தில் சத்தம் வந்தது. கோடையில் இங்கே மலை எரியும். மஞ்சள் நிற விமானங்கள் கடலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு தாழப் பறந்துபோய் ஊற்றும். வருடா வருடம் நடப்பதுதான், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒன்று எங்கள் கட்டடத்துக்கு மேலால் யன்னல் அதிரப் போனது.

மகளின் கையைத் தூக்கி மெல்ல மெத்தையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் பஸ் நிற்கிற இடத்தில், வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோட்டில் நின்று எங்கள் நான்காம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு சனம் இல்லை. கடைகள் எல்லாம் பூட்டு. மூன்றாவது விமானமும் போனது. கட்டடம் அப்படியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகள் படியிறங்கி வந்தாள். கையில் என் செருப்பு. குனிந்து என் காலுக்குக் கிட்ட வைத்தாள்.

“எங்களை எழுப்பேல்லை” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“பிளேன் சத்தம் கேட்டு ஓடிவந்தனீங்கள். சரி. ஆனால் என்னையும் அப்பாவையும் எழுப்பேல்லை. உண்மையா அது பொம்பராயிருந்தால், அம்மா?”

நான் வாய் திறந்தேன். என்ன சொல்ல? எழுப்பினால் மூவரும் ஒன்றாகத்தானே ஓடியிருப்போம், ஒன்றாகத்தானே நின்றிருப்போம், ஒருவர் தள்ளி நிற்க வேண்டுமே? அதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? பெற்ற பிள்ளையிடம் சொல்கிற கதையா அது! சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற வாங்கில் குந்தி விக்கி விக்கி அழுதேன். அவள் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை.

கனநேரத்துக்குப் பிறகு, “நான் தொரீனோவுக்குப் போறன்” என்றாள்.

“வேண்டாம். நான் வேற ஒரு சின்யோராவைப் பாக்கிறன். நீ அப்பாவோடை இரு. நீ இஞ்சையே படி.”

“நான் கோவத்திலை சொல்லேல்லை அம்மா. நீங்கள் கனகாலம் தனிய இருந்திட்டீங்கள். அம்மப்பா சொன்னபடி ஒராள் தள்ளி இருக்கத்தான் வேணுமெண்டால், இனி அது நானா இருக்கட்டும். நீங்கள் உங்கடை வீட்டிலை படுங்கோ.”

“அப்பிடிச் சொல்லாதை பிள்ளை.”

“அப்ப மேலை வாங்கோ. இப்ப. வந்து எங்களோடை படுங்கோ.”

நான் நான்காம் தட்டைப் பார்த்தேன். மஞ்சள் விமானம் திரும்பி வருகிற சத்தம் மலைப்பக்கம் கேட்டது. என் கால் எழும்பவில்லை. அவள் எழும்பி நின்று கொஞ்சம் பார்த்தாள், நான் எழும்பவில்லை என்று கண்டாள். “சரி அம்மா” என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டு மேலே போனாள்.

கணவர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அன்று தொடங்கி அவர் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார், அதைத் தாங்குவதுதான் கஷ்டமாயிருந்தது.

செப்டெம்பரில் அவளை விமானநிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில். நானும் மகளும் அடுத்த பஸ்ஸில். விமானநிலைய வாசலுக்கு வெளியே நின்று அவள் பெட்டியைத் திறந்தாள். மிளகாய்த் தூள், ஊறுகாய், அப்பளம் என்று நான் கட்டிக்கொடுத்ததில் பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து, திரும்ப எல்லாவற்றையும் உள்ளே வைத்தாள். தகப்பன் எல்லாருக்கும் முன்னால் குழந்தை மாதிரி அழுதார். அவள் இருவரையும் கொஞ்சிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாள், கை காட்டினாள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மறைந்துபோனாள்.

அந்த நிமிடத்தில் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதோடு சேர்ந்து ஓர் ஆறுதல். இனி ஒருவர் வேறு ஊரில், வேறு கூரையில். பாழாய்ப்போன மனம் அப்படி ஆறுதல் பட்டது. அதை நான் ஒளிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரும் நானும் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டோம். பல்கனிக் கதவைப் பூட்டிவிட்டு, என் கணவருக்குப் பக்கத்தில், எங்கள் கட்டிலில் படுத்தேன். படுத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது யன்னலில் வெயில்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மகள்தான்.

“அம்மா, ராத்திரி எங்கை படுத்தனீங்கள்?”

“அறையிலை. அப்பாவோடை.”

“நித்திரை வந்ததே?”

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன? என் பிள்ளை தொரீனோவில் ஓர் அறையில் இருந்து கேட்கிறாள். பொய் எனக்கு வரவில்லை.

“ஓம் பிள்ளை. விடியும்வரைக்கும்.”

அவள் பக்கத்தில் சத்தமில்லை. பாத்திரம் வைக்கிற சத்தமில்லை, தெருச் சத்தமில்லை, ஒன்றும் இல்லை.

“எனக்கு வரேல்லை அம்மா” என்றாள். “இஞ்சை அறையிலை ஒருத்தரும் இல்லை.”

“பழகீடும் குஞ்சு” என்றேன்.